ஊருக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல்: பொது இடத்தில் நேரலைத் திரை அமைக்க முழு வழிகாட்டி

"வாட்ஸ்அப்புல வீடியோ கால் இருக்கும்போ இது எதுக்கு?"

ஊரில் நிற்கிறவர்களும் கொச்சித் துறைமுகத்தில் நிற்கிற நம் ஆட்களும் ஒருவரை ஒருவர் நேரில்போலப் பார்க்க, எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு நேரலைத் திரை வைக்கலாம் என்று நான் பேச்செடுத்தபோது பங்குப்பேரவை (ஊர்த் தேவாலயத்தின் நிர்வாகக் குழு) கூட்டத்தில் வந்த முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரியாமல் டிவி வாங்கப் போனால் ஒரு மாதத்தில் அது கிரிக்கெட் பார்க்கும் டிவியாக மாறிவிடும்.

போனில் நாம் கூப்பிடுகிற ஆளை மட்டும்தான் பார்க்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டியை, கூடப் படித்தவனை, சொத்துத் தகராறில் ஆறு வருடமாகப் பேசாத அண்ணனை யாரும் வீடியோ காலில் கூப்பிடுவதில்லை. ஆனால் தெருவில் எதிரே வந்தால் பார்த்துவிடுகிறோம். அப்படிக் கூப்பிடாமலே ஆட்களைப் பார்ப்பதற்குத்தான் இந்த ஜன்னல். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு முடிவும் இதிலிருந்து வருவதுதான்.

எங்கள் பக்கம், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரையுள்ள தூத்தூர் பக்கத்து எட்டு கடற்கரை ஊர்களில், ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் அதிகம். படகுகளில் பல கொச்சி தோப்பும்படி துறைமுகத்தில்தான் கரை பிடிக்கும். வாரக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு, மீன் இறக்கி, ஐஸும் டீசலும் ஏற்றும் இரண்டு மூன்று நாள் கரையில் நிற்பார்கள். ஊருக்கு வந்து போக நேரம் இருக்காது. அதனால் ஒரு முனை எங்கள் வாசகசாலை, மறுமுனை துறைமுகத்துக்குப் பக்கத்தில் நம் ஆட்கள் தங்கும் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளம். நடுவே ஏறக்குறைய 250 கிலோமீட்டர். நீங்கள் நாகர்கோவிலையும் சென்னையையும் இணைத்தாலும், மார்த்தாண்டத்தையும் மஸ்கட்டையும் இணைத்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். வளைகுடா என்றால் மட்டும் சில கூடுதல் சங்கடங்கள். அது பிறகு.

முன்னால் செய்தவர்கள்

இது புது யோசனை இல்லை. 1980 நவம்பரில் கிட் காலோவே, ஷெரி ரபினோவிட்ஸ் என்ற இரண்டு கலைஞர்கள் நியூயார்க்கின் லிங்கன் சென்டரையும் லாஸ் ஏஞ்சலஸின் ஒரு பெரிய கடையையும் செயற்கைக்கோள் வழியே இணைத்தார்கள். மூன்று மாலை நேரம் மட்டும். ஆட்கள் அசல் உயரத்தில் தெரிந்தார்கள், குரலும் கேட்டது. முதல் நாள் எந்த அறிவிப்பும் இல்லை, தெருவில் போனவர்கள் தற்செயலாகப் பார்த்தார்கள். செய்தி பரவி மூன்றாம் நாள் பல வருடம் பிரிந்திருந்த குடும்பங்களெல்லாம் வந்துவிட்டன. தங்கள் முகத்தைத் தாங்களே பார்க்கும் திரையை அவர்கள் வைக்கவில்லை. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2008-ல் பால் செயின்ட் ஜார்ஜ் லண்டன் டவர் பாலத்தையும் நியூயார்க் புரூக்ளின் பாலத்தையும் ஒரு பிரமாண்டமான தொலைநோக்கி வடிவத்தில் இணைத்தார். அட்லாண்டிக் கடலுக்கு அடியில் பழைய சுரங்கம் ஒன்று இருக்கிறது என்று கதையும் கட்டினார். அதில் சத்தம் கிடையாது. மக்கள் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டிப் பேசினார்கள்.

2021 மே மாதம் லிதுவேனியாவின் வில்னியஸும் போலந்தின் லூப்ளினும் வட்ட வடிவத் திரைகளால் இணைந்தன. பெனடிக்டாஸ் கிலிஸ் என்பவரின் முயற்சி. அதே வகைத் திரைகள் 2024 மே 8-ல் நியூயார்க்கிலும் டப்ளினிலும் திறந்தன. ஒரு வாரம்கூட ஒழுங்காக ஓடவில்லை. ஒருவர் 9/11 தாக்குதல் படத்தைக் கேமராவுக்குக் காட்டினார், சிலர் ஆடையை விலக்கிக் காட்டினார்கள். மூடினார்கள். மே 19-ல் திரும்பத் திறந்தபோது நேரக் கட்டுப்பாடு வந்திருந்தது. யாராவது கேமராவுக்கு மிக அருகில் வந்தால் இரு பக்கமும் படம் மங்கிவிடும்படியும் செய்திருந்தார்கள். பெருநகரத்துக்கே அந்த நிலை என்றால் நம் ஊர்க் கடைத்தெருவில் இரவு பத்து மணிக்கு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் படி: இடம்

தெருவில் வைக்காதீர்கள். முதல் வருடமாவது கூரைக்கு அடியில் இருக்கட்டும். வாசகசாலை, படிப்பகம், சமுதாயக்கூடம், பள்ளித் திண்ணை எதுவானாலும் சரி. ஆனால் கதவைத் தள்ளி உள்ளே போய்ப் பார்க்கும் அறையாக இருக்கக்கூடாது. நடந்து போகிறவர் கண்ணில் தானாகப் படவேண்டும். எங்களுக்குக் கிடைத்தது வாசகசாலையின் முன் வராந்தா. தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

கட்டடத்தின் திசையைப் பாருங்கள். கிழக்குச் சுவரில் திரை வைத்தால் கேமரா மேற்கே பார்க்கும். மாலை ஐந்து மணிக்குக் கடல் பக்கத்து வெயில் ஆட்களின் முதுகில் விழுந்து எல்லோரும் கறுப்பு நிழலாகத் தெரிவார்கள். மேற்குச் சுவரில் வைத்தால் பார்க்கிறவர் கண் கூசும். வடக்குச் சுவர் அல்லது தெற்குச் சுவர்தான் நல்லது. வெளிச்சம் பக்கவாட்டில் வரும்.

அனுமதி விஷயம்: கட்டடத்துக்கு உடையவர் யாரோ அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். கடற்கரை ஊர் என்றால் பங்குத்தந்தையும் பேரவையும் சரி என்று சொல்லாமல் ஆணி அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. ரோட்டோரம் என்றால் ஊராட்சி அல்லது மாநகராட்சி, கூடவே காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம்.

இரண்டாம் படி: திரையும் அசல் உயரமும்

டிவியைப் படுக்கையாக மாட்டாதீர்கள். எங்கள் முதல் தவறு அதுதான். படுக்கையாக மாட்டினால் எதிரில் நிற்கிறவர்கள் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தார்கள். ஊர்க்காரர்கள் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள், டிவி பார்க்கிற மாதிரியே. மறுவாரம் டிவியை நெட்டுக்குத்தாகத் திருப்பி, அடிப்பகுதி தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் இருக்கும்படி இறக்கினோம். அன்றிலிருந்து யாரும் உட்காரவில்லை. எதிரே ஒருவர் காலோடு, செருப்போடு நிற்கும்போது நமக்கும் நிற்கத்தான் தோன்றும்.

75 அங்குல டிவியின் நீளம் ஏறக்குறைய 166 சென்டிமீட்டர், ஒரு ஆள் உயரம். 65 அங்குலம் என்றால் 144 சென்டிமீட்டர், முழங்காலுக்குக் கீழே வெட்டுப்படும், பரவாயில்லை. 55-க்குக் கீழே போகாதீர்கள். எல்லா வீட்டு டிவியும் நெட்டுக்குத்தாக நிற்கத் தயாரிக்கப்பட்டதல்ல, பின்பக்கச் சூடு வெளியேறும் வழி மாறிவிடும். கடையில் கேட்டு வாங்குங்கள், சுவருக்கும் டிவிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள்.

வராந்தா நிழலுக்குச் சாதாரண டிவி போதும். திறந்த வெளி என்றால் போதாது, வெயில் நேரடியாக விழும் இடத்துக்கு 2500 நிட்ஸ் வெளிச்சமுள்ள திரை வேண்டும், விலை எட்டாது. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு வரும் எல்இடி வால் வெயிலுக்குத் தாங்கும்தான், ஆனால் கிட்டே நின்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். திருவிழாவுக்கு ஒரு ராத்திரி வைக்க அது போதும்.

மூன்றாம் படி: கேமரா

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். முக்கால்வாசிப் பேர் இதைத்தான் அஞ்சு நிமிடத்தில் முடிக்கிறார்கள்.

முதலில் கண். எதிரே உள்ளவர் நம்மைப் பார்க்கிறார் என்ற உணர்வு வரவேண்டும். திரையின் பக்கவாட்டில் கேமரா வைத்தால் அவர் வேறு எங்கோ பார்ப்பது போலவே இருக்கும். மேல் விளிம்பின் நடுவில் வைத்தால் பார்வை சற்றே தாழ்ந்து தெரியும், அதை நம் கண் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொரு வழி, ஆட்களைத் தள்ளி நிறுத்துவது. கேமரா கண்ணுக்கு 35 சென்டிமீட்டர் மேலே இருந்தால், 1 மீட்டர் தூரத்தில் நிற்பவரின் பார்வை 19 டிகிரி விலகும். 2.5 மீட்டரில் 8 டிகிரிதான். ஆகவே திரையிலிருந்து 2.5 மீட்டரில் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள், இரு முனையிலும்.

அடுத்தது அளவு. அந்தக் கோட்டில் ஒருவரை மீட்டர் கோலோடு நிற்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத் திரையில் டேப் வைத்து அளங்கள். கோல் சரியாக ஒரு மீட்டர் வரும்வரை ஜூம் செய்யுங்கள். வெப்கேமின் பார்வைக் கோணம் அகலம், அதனால் தொடக்கத்தில் ஆள் பாதி அளவுதான் தெரிவார். ஜூம் செய்தால் தெளிவு குறையும் என்பதால் 4கே கேமரா வாங்குவது நல்லது. இந்த அளவெடுப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு பையன் திரைக்குப் பக்கத்தில் நின்று, எதிரே நின்ற அப்பாவின் தோளுக்குத் தன் தலை வந்துவிட்டதா என்று பார்த்தான். வரவில்லை. "அடுத்த தடவை" என்று கையைக் காட்டிவிட்டுப் போனான். அளவு தப்பாக இருந்தால் அந்தப் பையனுக்கு நாங்கள் பொய் சொன்ன மாதிரி ஆகியிருக்கும்.

டிவியைத் திருப்பியதுபோல் கேமராவையும் 90 டிகிரி திருப்ப வேண்டும். இரண்டும் பொருந்தினால் மென்பொருளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆள் தலைகீழாகத் தெரிந்தால் பதறாதீர்கள், கேமராவை மறுபக்கமாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

அமைப்புகளில் மூன்று: தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள், வெளிச்ச அளவை மாலை நேரத்துக்கு ஏற்றபடி பூட்டிவிடுங்கள், மின்விளக்கு மினுக்கலுக்கு 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். சவுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே வைக்கும் கேமராவுக்கு 60.

முகத்துக்கு வெளிச்சம் தர, திரையின் இரு பக்கமும் ஒவ்வொரு எல்இடி டியூப் லைட்டை நெட்டுக்குத்தாக வைத்து அதன் மேல் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். மேலிருந்து மட்டும் விளக்கு இருந்தால் எல்லோர் கண்ணும் குழி விழுந்து தெரியும்.

நான்காம் படி: இணையமும் கரண்டும்

ஃபைபர் இணைப்பு வேண்டும், பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். படம் ஓடத் தேவைப்படுவது ஒரு பக்கத்துக்கு 4 எம்பிபிஎஸ் அளவுதான். அதாவது மணிக்கு 1.8 ஜிபி, போக வர 3.6 ஜிபி. ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் சிம்மை நம்பினால் அரை மணி நேரத்தில் ஜன்னல் மூடிவிடும். வைஃபை வேண்டாம், டிவியையும் கேமராவையும் இணைக்கும் மினி கம்ப்யூட்டருக்கு லேன் கேபிளை நேராக இழுங்கள்.

மென்பொருளில் மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டே கருவிகள் என்பதால் கூகுள் மீட்டின் இலவசக் கணக்கே போதும். ஜூம் செயலியின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். கொஞ்சம் கைத்தேர்ச்சி உள்ளவர்கள் ஜிட்சி என்ற இலவச வீடியோ கால் மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். எதுவானாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆனவுடன் பிரவுசர் தானாக முழுத்திரையில் திறக்கும்படி செய்து வையுங்கள்.

நம் முகம் நமக்கே தெரியும் சின்னக் கட்டத்தைக் கட்டாயம் மறையுங்கள். அது இருந்தால் ஆட்கள் எதிரே பார்க்கமாட்டார்கள், முடியைச் சரி செய்துகொண்டிருப்பார்கள். இன்னொரு தொல்லை, அந்தக் கட்டம் கண்ணாடி போல் இடவலம் மாறித் தெரியும். நாம் எழுதிய எழுத்து தலைமாறித் தெரிவதாக நினைத்து ஒருவர் சிலேட்டில் இரண்டு தடவை அழித்து அழித்து எழுதினார்.

இப்போது கரண்ட். இதில் நாங்கள் வாங்கிய அடியைச் சொல்லத்தான் வேண்டும். டிவியையும் கம்ப்யூட்டரையும் இன்வெர்ட்டரில் கொடுத்திருந்தோம். சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியை மறந்துவிட்டோம். ஒரு மாலை கரண்ட் போனது. டிவி எரிந்துகொண்டிருக்கிறது, இணையம் இல்லை. திரையில் கடைசியாக வந்த படம் அப்படியே உறைந்து நிற்கிறது. ஒரு இளைஞனின் முகம், வாய் பாதி திறந்து. அவனுடைய பெரியம்மா கோட்டுக்கு அருகில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: "ஏன் மக்கா, அவன் அனங்காம நிக்கானே?"

2017 நவம்பர் கடைசியில் வந்து, கடலுக்குப் போன பலரைக் கொண்டுபோன ஒக்கி புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அசையாத முகம் என்றால் அது சட்டம் போட்டு மாட்டிய போட்டோதான். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை, போய் டிவியின் ஸ்விட்சை அணைத்தேன்.

அதனால் இதை எழுதி ஒட்டி வையுங்கள். ஃபைபர் பெட்டி, ரூட்டர், கம்ப்யூட்டர், டிவி நான்கும் ஒரே இன்வெர்ட்டரில் இருக்கவேண்டும். எல்லாம் சேர்த்து 300 வாட் என்றால் 150 ஏஎச் பேட்டரியில் மூன்று மணி நேரம் நம்பலாம். அதைவிட முக்கியம், படம் ஐந்து விநாடிக்கு மேல் உறைந்தால் திரை தானாக நீல நிறமாகி "லைன் இல்லை, கொஞ்சம் பொறுங்கள்" என்று காட்டவேண்டும். நிரல் எழுதத் தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளை ஒரு நாளில் செய்து தந்துவிடுவார். இது இல்லாமல் திறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: சத்தம்

என் கருத்து, வேண்டாம். சத்தம் வைத்தால் ஒலிபெருக்கியின் சத்தம் மைக்கில் ஏறி ஊளையிடும், அதைச் சரிசெய்தாலும் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். வீட்டு ரகசியம் தெருவுக்கு வரும், அப்புறம் சண்டை வரும். பேசப் போன் இருக்கிறதே. சத்தமில்லாதபோது ஆட்கள் செய்வதே வேறு. ஒரு அம்மா தட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் போட்டுக் கொண்டுவந்து கோட்டில் நின்று காட்டினார். எதிரே நின்ற ஐந்து பேரும் ஒன்றாக வயிற்றைத் தடவினார்கள். வராந்தாவே சிரித்தது.

இரண்டு சிலேட்டும் ஒரு டப்பா சாக்பீஸும் வையுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்தால் எதிரே படிக்க முடியாது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள்.

ஆறாம் படி: நேரமும் ஆளும்

நாள் முழுக்கத் திறந்து வைக்காதீர்கள். எங்களுக்கு மாலை 5 முதல் 8 வரை. வெறிச்சோடிய திரையை இரண்டு தடவை பார்த்தவர் மூன்றாம் தடவை திரும்பிப் பார்க்கமாட்டார். படகு எப்போது கரை பிடிக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அந்த நாட்களில் மட்டும் திறந்தாலே போதும்.

முன்பதிவுச் சீட்டு கொடுக்கலாமே என்று நிறையப் பேர் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். இன்னாருக்கு இன்ன நேரம் என்று வைத்தால் மறுபடியும் அது வீடியோ கால் ஆகிவிடும், மற்றவர்கள் வெளியே காத்திருப்பார்கள். நான் மேலே சொன்ன அந்த அண்ணன் தம்பி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தது, தம்பி வேறு யாரையோ பார்க்க வந்து நின்றபோதுதான். அண்ணன் படகு முதலாளியோடு பேசிக்கொண்டே குறுக்கே போனார். நின்றார். தலையை மட்டும் அசைத்தார். அதற்கு மேல் நடந்ததா என்று நான் கேட்கவில்லை.

இரு முனையிலும் ஒரு பொறுப்பாளர் திறந்த நேரம் முழுக்க இருக்கவேண்டும். அவர் கையில் ஒரு ஸ்விட்சும் ஒரு கறுப்புத் துணியும். யாராவது குடித்துவிட்டு வந்தால், அசிங்கமாகச் செய்தால், கேள்வி கேட்காமல் துணியைப் போடலாம். எங்கள் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் இருந்தால் துணிக்கு வேலையே இல்லை.

பதிவு செய்யாதீர்கள். கம்ப்யூட்டரில் ஒரு நிமிடம்கூடச் சேமிக்கக்கூடாது. சேமித்தால் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சிக்கல் ஒரு பக்கம், ஊர்க்காரர்களின் நம்பிக்கை போவது இன்னொரு பக்கம். "இங்கே கேமரா உள்ளது, உங்கள் உருவம் கொச்சியில் தெரியும், எதுவும் பதிவாகாது" என்று வராந்தாவில் ஏறும் முன்பே படிக்கும்படி பலகை வையுங்கள். கேமராவில் படாமல் ஒதுங்கிப் போக ஒரு வழியும் விடுங்கள். எல்லோருக்கும் எல்லோரையும் பார்க்கப் பிடிக்கும் என்று நினைத்துவிடக்கூடாது, கடன் வாங்கியவர்களும் ஊரில் உண்டு.

வளைகுடாவோடு இணைப்பதென்றால்

துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். குவைத், கத்தார், பஹ்ரைன், சவுதிக்கு இரண்டரை மணி. அங்கே ஐந்தரை மணிக்கு வேலை விட்டு வந்தால் இங்கே இரவு எட்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது, அங்கே அனுமதிக்கப்பட்ட சேவை எது என்று இணைய நிறுவனத்திடம் கேட்டு அதையே இரு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் தங்கும் கேம்ப்பில் கம்பெனியின் எழுத்து அனுமதி இல்லாமல் கேமரா மாட்டவே கூடாது, மாட்டிய தொழிலாளிதான் மாட்டிக்கொள்வார்.

பராமரிப்பு

உப்புக் காற்றுதான் எதிரி. சாதாரண இரும்பு ஸ்குரு சீக்கிரமே துருப்பிடித்து நிற்கும், 316 வகை எஃகு ஸ்குரு வாங்குங்கள். கேமரா லென்ஸில் தினமும் ஒரு மெல்லிய படலம் படியும், திறக்கும் முன் துடைக்காவிட்டால் எதிர்ப்பக்கத்தில் மூடுபனி. முதலில் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, பிறகு உலர்ந்த துணி. உலர்ந்த துணியை முதலில் போட்டால் உப்பு கீறும்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் விசைப்படகுக்காரர்கள் எல்லாம் ஊரில்தான், மழையும் சாய்த்து அடிக்கும். மே கடைசியில் இரு பக்கமும் ஒரே மாலையில் மூடுங்கள். டிவியைச் சுவரிலிருந்து இறக்கி, கேபிள் முனைகளை பிளாஸ்டிக் கவரில் சிலிக்கா பொட்டலத்தோடு கட்டி உள்ளறையில் நிறுத்தி வையுங்கள். ஆகஸ்டில் மறுபடி மாட்டும்போது மீட்டர் கோலை எடுத்துப் புதிதாக அளங்கள், ஜூம் கட்டாயம் மாறியிருக்கும். தரையில் மஞ்சள் கோடு அழிந்திருந்தால் அதையும் ஒரு கோட் அடித்துவிடுங்கள். தடைக்காலத்தில் பிள்ளைகள் அதைக் கபடிக் கோடாக்கி வைத்திருப்பார்கள்.